பன்னாட்டுப் பொருளாதாரப் புள்ளிவிவரங்களில் அரசுசாராத் தரவு: ஒரு விமர்சனம்

உலக வங்கி, பன்னாட்டு நாணய நிதியம், ஐக்கிய நாடுகள் அவை ஆகியவை வெளியிடும் பொருளாதாரப் புள்ளிவிவரங்களில் பெரும்பகுதி அவை தாமே திரட்டியவை அல்ல. ஒவ்வொரு நாட்டின் புள்ளியியல் அலுவலகமும் எண்ணித் தருவதைப் பெற்று, ஒப்பிடத்தக்க வடிவுக்கு மாற்றி அவை வெளியிடுகின்றன. நாட்டு அலுவலகம் எண்ணாதபோதும், எண்ணியதை வெளியிடாதபோதும், வெளியிட்டதை நம்ப முடியாதபோதும் இந்த ஏற்பாட்டில் இடைவெளி விழுகிறது. தனியார் நிறுவனங்களின் குடும்ப ஆய்வுகள், இணையக் கடைகளின் விலைகள், கைபேசி இருப்பிடப் பதிவுகள், வல்லுநர்கள் நிரப்பித் தரும் வினாப்பட்டியல்கள் முதலியவை அந்த இடைவெளியை நிரப்பப் பயன்படுகின்றன. இவற்றைப் பொதுவாக அரசுசாராத் தரவு என்பர்.

இத்தகைய தரவைச் சேர்ப்பதா வேண்டாமா என்ற விவாதம் பெரும்பாலும் அதன் துல்லியத்தைப் பற்றியே நடக்கிறது. துல்லியத்துக்கு இணையான இன்னொரு கேள்வியும் உண்டு: அந்த எண் தவறென்று ஒருவர் கருதினால், அதை அவரால் சரிபார்க்க முடியுமா? அர்ஜென்டினாவின் பணவீக்கம், இந்தியாவின் வறுமை, உலக வங்கியின் தொழில் எளிமைத் தரவரிசை ஆகிய மூன்று நிகழ்வுகளும் இக்கேள்வியின் முக்கியத்துவத்தை மூன்று விதமாகக் காட்டுகின்றன.

பின்னணி

ஐ.நா. புள்ளியியல் ஆணையம் 1994இல் அலுவல்முறைப் புள்ளியியலின் அடிப்படைக் கோட்பாடுகளை ஏற்றது. 2014 சனவரியில் ஐ.நா. பொதுச் சபையும் அவற்றை வழிமொழிந்தது. புள்ளியியல் நோக்கத்துக்கான தரவை எல்லா வகை மூலங்களிலிருந்தும் எடுக்கலாம் என்று அக்கோட்பாடுகளுள் ஒன்று கூறுகிறது. தரம், காலம், செலவு, தகவல் தருவோரின் சுமை ஆகியவற்றை எடைபோட்டே மூலத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எனவே அரசுசாராத் தரவு விதிகளுக்குப் புறம்பானது அன்று.

பல இடங்களில் அது நல்ல பயனும் தந்துள்ளது. எஸ்தோனியாவின் மத்திய வங்கி, வெளிநாட்டுப் பயணிகளின் வருகையைக் கணிக்கக் கைபேசி இருப்பிடத் தரவைப் பயன்படுத்தியது. இந்தோனேசியாவின் புள்ளியியல் அலுவலகம், சோதனைச் சாவடிகளில் எண்ண முடியாத எல்லைப் பகுதிப் பயணிகளை அறிய 2016 முதல் அதே வழியை நாடியது. நெதர்லாந்து, நார்வே போன்ற நாடுகள் பேரங்காடிகளின் விற்பனைப் பதிவுகளை நுகர்வோர் விலைக் குறியீட்டில் சேர்க்கின்றன. இவற்றிலெல்லாம் தரவு தனியாரிடமிருந்து வந்தாலும், அதை ஆராய்ந்து வெளியிடும் பொறுப்பை ஒரு பொது அமைப்பு ஏற்கிறது. சிக்கல் எழுவது அப்பொறுப்பு யாருடையது என்பது மங்கும்போதுதான்.

அர்ஜென்டினா: பொய்யை வெளிக்காட்டிய தரவு

அர்ஜென்டினாவின் தேசியப் புள்ளியியல் நிறுவனமான இண்டெக்கில் 2007 சனவரியில் அரசு தலையிட்டது. நுகர்வோர் விலைக் குறியீட்டுப் பிரிவின் பொறுப்பாளர் நீக்கப்பட்டார். அதன்பின் அரசு அறிவித்த ஆண்டுப் பணவீக்கம் 10 விழுக்காட்டை ஒட்டியே நின்றது. கடைக்குப் போன மக்கள் கண்ட விலையேற்றமோ அதைவிடப் பன்மடங்கு. அரசின் கடன் பத்திரங்களில் ஒரு பகுதி பணவீக்கத்துடன் இணைக்கப்பட்டிருந்ததால், பணவீக்கத்தைக் குறைத்துக் காட்டுவது அரசு திருப்பித் தரவேண்டிய தொகையையும் குறைத்தது.

பொருளியலாளர் ஆல்பர்ட்டோ கவாலோ 2007இன் பிற்பகுதியில் இணையத்தில் விற்பனை செய்யும் பேரங்காடிகளின் விலைகளைக் கணினி நிரல் மூலம் நாள்தோறும் திரட்டத் தொடங்கினார். இம்முயற்சி பின்னர் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நூறு கோடி விலைகள் திட்டமாக வளர்ந்தது. பிரேசில், சிலி, கொலம்பியா, வெனிசுவேலா ஆகிய நாடுகளிலும் இதே முறையில் விலைகள் திரட்டப்பட்டன. அந்நாடுகளில் இணைய விலைக் குறியீடு அரசின் குறியீட்டை ஒட்டியே சென்றது. அர்ஜென்டினாவில் மட்டும் அது அரசு சொன்னதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. முறையில் குறை இருந்திருந்தால் மற்ற நாடுகளிலும் அது வெளிப்பட்டிருக்க வேண்டும். இந்த ஒப்பீடுதான் கவாலோவின் வாதத்துக்கு வலுச் சேர்த்தது.

அரசு 2011இல், சொந்தமாகப் பணவீக்க மதிப்பீடு வெளியிட்ட தனியார் ஆலோசனை நிறுவனங்களுக்கு அபராதம் விதித்தது. அவற்றின் மதிப்பீடுகளைச் சராசரியாக்கி எதிர்க்கட்சி உறுப்பினர்கள் நாடாளுமன்றக் குறியீடு என்ற பெயரில் வெளியிட்டனர். 2012 பிப்ரவரியில் 'தி எகனாமிஸ்ட்' இதழ் இண்டெக்கின் பணவீக்க எண்ணை அச்சிடுவதை நிறுத்தி, இணைய விலைகளைக் கொண்டு கணிக்கப்பட்ட எண்ணை ஏற்றது. ஓராண்டு கழித்து, 2013 பிப்ரவரி 1 அன்று பன்னாட்டு நாணய நிதியம் அர்ஜென்டினாவின் மீது கண்டன அறிவிப்பு வெளியிட்டது. தவறான புள்ளிவிவரத்துக்காக ஓர் உறுப்பு நாட்டை அது கண்டித்தது அதுவே முதல் முறை.

2015 திசம்பரில் ஆட்சி மாறிய பின் புள்ளிவிவர நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. விலைக் குறியீட்டு வெளியீடு நிறுத்தப்பட்டு, 2016 சூனில் புதிய குறியீடு வந்தது. கண்டனம் 2016 நவம்பரில் நீக்கப்பட்டது. 2013இன் முதல் அரையாண்டில் 4.7 விழுக்காடு என்று அறிவிக்கப்பட்ட வறுமை, அதன்பின் பல ஆண்டுகள் வெளியிடப்படாமலே இருந்தது. 2016 செப்டம்பரில் சீரமைக்கப்பட்ட இண்டெக் அறிவித்த விகிதம் 32.2 விழுக்காடு. வறுமைக்கோடு விலைகளைச் சார்ந்தது. விலையைப் பொய்யாக்கினால் ஏழைகளின் எண்ணிக்கையும் பொய்யாகும்.

அரசுசாராத் தரவின் ஆதரவாளர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் வெற்றி இது. அதன் காரணங்கள் கவனிக்கத்தக்கவை. மூல விலைகள் யாரும் பார்க்கக்கூடிய இணையப் பக்கங்களில் இருந்தன. கணிப்பு முறை ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. வேறு நாடுகளில் அது சோதிக்கப்பட்டது. ஐயம் கொண்ட எவரும் அதே வேலையைத் தாமே செய்து பார்த்திருக்க முடியும்.

இந்தியா: இடைவெளியை நிரப்பிய தரவு

இந்தியாவில் வறுமையை மதிப்பிட அடிப்படையாக இருப்பது தேசிய மாதிரி ஆய்வு அலுவலகத்தின் குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வு. 2011-12க்குப் பின் நடந்த 2017-18 ஆய்வின் முடிவுகளை, தரவின் தரம் குறித்த ஐயங்களைக் காரணம் காட்டி 2019 நவம்பரில் அரசு நிறுத்தி வைத்தது. அதற்குச் சற்று முன் 'பிசினஸ் ஸ்டாண்டர்ட்' நாளிதழில் வெளிவந்த செய்தியின்படி, விலைவாசியைக் கழித்த தலா மாத நுகர்வு 1,501 ரூபாயிலிருந்து 1,446 ரூபாயாக, அதாவது 3.7 விழுக்காடு குறைந்திருந்தது. அடுத்த ஆய்வு 2022-23இல் நடந்து, 2024 பிப்ரவரியில்தான் அதன் முதல் முடிவுகள் வந்தன. இவ்வாறு பதினோரு ஆண்டுக் காலத்துக்கு உலகின் மிகப் பெரிய மக்கள்தொகைகளுள் ஒன்றின் வறுமைக்கு அரசுத் தரவு இல்லாமற்போனது. இந்தியா இல்லாமல் உலக வறுமை எண் என ஒன்றைச் சொல்லவும் முடியாது.

2022 ஏப்ரலில் இரண்டு ஆய்வுத்தாள்கள் இந்த இடைவெளியை நிரப்ப முயன்றன. உலக வங்கியின் ஆய்வுத்தாள், நாளொன்றுக்கு 1.90 டாலர் என்ற கோட்டின்படி கடும் வறுமை 2011இல் 22.5 விழுக்காட்டிலிருந்து 2019இல் 10.2 விழுக்காடாகக் குறைந்தது என்றது. பன்னாட்டு நாணய நிதியத்தின் ஆய்வுத்தாள் வரிசையில் சுர்ஜித் பல்லா உள்ளிட்ட மூவர் எழுதியது, உணவு மானியத்தையும் கணக்கில் சேர்த்து, 2019இல் அது 0.8 விழுக்காடு மட்டுமே என்றது. முதலாவது தனியார் ஆய்வு ஒன்றைச் சார்ந்தது. இரண்டாவது, 2011-12 நுகர்வுப் பரவலைத் தேசியக் கணக்குகளின் நுகர்வு வளர்ச்சி விகிதத்தால் உயர்த்திக் கணித்தது. அன்றைய மக்கள்தொகையில் இவ்விரு மதிப்பீடுகளுக்கும் இடையிலான வேறுபாடு ஏறத்தாழ 13 கோடிப் பேர். தமிழ்நாட்டின் மக்கள்தொகையைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேற்பட்ட இவர்கள் கடும் ஏழைகளா இல்லையா என்பது, எந்தத் தாளைப் படிக்கிறோம் என்பதைப் பொறுத்ததாயிற்று.

உலக வங்கி பயன்படுத்திய தனியார் ஆய்வு, இந்தியப் பொருளாதாரக் கண்காணிப்பு மையம் எனும் மும்பை நிறுவனம் 2014 முதல் நடத்திவரும் நுகர்வோர் பிரமிடு குடும்ப ஆய்வு. சி.எம்.ஐ.இ. என்ற சுருக்கப் பெயரால் இந்நிறுவனம் அறியப்படுகிறது. சுமார் 1.7 லட்சம் வீடுகளை ஆண்டுக்கு மூன்று முறை அணுகும் இவ்வாய்வு, அரசு மௌனமாக இருந்த ஆண்டுகளில் வேலையின்மை, வருமானம், நுகர்வு பற்றிப் பேச ஆய்வாளர்களுக்கு இருந்த மிக முக்கியமான ஆதாரம். அதன் பங்களிப்பைக் குறைத்து மதிப்பிட இயலாது.

முதன்மைத் தெருவும் காலனியும்

பொருளியலாளர்கள் ழான் திரேஸ், அன்மோல் சோமஞ்சி இருவரும் 2021இல் இந்த ஆய்வின் மீது ஒரு கடுமையான குறையைச் சுட்டினர். அதன் மாதிரி, ஏழைகளைக் குறைவாகவும் வசதி படைத்தோரை மிகுதியாகவும் கொண்டுள்ளது என்பதே அது. கல்வி, வீட்டு வசதிகள் போன்றவற்றில் இவ்வாய்வு காட்டும் நிலை, தேசியக் குடும்ப நல ஆய்வு காட்டுவதை விட மேம்பட்டிருந்ததை அவர்கள் ஒப்பிட்டுக் காட்டினர். சி.எம்.ஐ.இ.யின் தலைவர் மகேஷ் வியாஸ் இதை மறுத்து விளக்கம் எழுதினார்.

குறைக்குக் காரணமாகச் சொல்லப்பட்டது வீடுகளைத் தேர்ந்தெடுக்கும் முறை. ஆய்வாளர் கிராமத்தின் முதன்மைத் தெருவில் தொடங்கி, குறிப்பிட்ட எண்ணிக்கையிலான வீடுகளைத் தாண்டித் தாண்டித் தேர்ந்தெடுத்துச் செல்வார். தேவையான எண்ணிக்கை நிறையாவிட்டால் உள்தெருக்களுக்குச் செல்வார். தேசிய மாதிரி ஆய்விலோ, தேர்ந்தெடுத்த பகுதியின் வீடுகள் முதலில் பட்டியலிடப்பட்டு, அப்பட்டியலிலிருந்து மாதிரி எடுக்கப்படும்.

இந்த வேறுபாடு நுணுக்கமானதாகத் தோன்றலாம். தமிழகக் கிராம அமைப்பை அறிந்தவர்களுக்கு அதன் பொருள் எளிதில் விளங்கும். பேருந்து நிற்கும் சாலையும் கடைகளும் மாடி வீடுகளும் ஊரின் நடுவில் இருக்க, தலித் குடும்பங்கள் வாழும் காலனி பெரும்பாலும் ஊருக்கு வெளியே, வாய்க்காலுக்கோ வயலுக்கோ அப்பால் இருக்கும். இந்தியாவின் பல பகுதிகளிலும் இதே நிலைதான். முதன்மைத் தெருவில் தொடங்கும் கணக்கெடுப்பு, சாதியின் நிலவரைபடத்தில் மேலிடத்திலிருந்து தொடங்குகிறது. யாரையும் விலக்கும் எண்ணம் இல்லாமலே இம்முறை சிலரை விலக்கிவிடக்கூடும்.

உலக வங்கியின் ஆய்வாளர்கள் இக்குறையை அறிந்தே இருந்தனர். வேறு ஆய்வுகளில் தெரியவரும் மக்கள் பண்புகளோடு பொருந்துமாறு ஒவ்வொரு வீட்டுக்கும் தரப்படும் எடையை அவர்கள் மாற்றியமைத்தனர். தேசிய மாதிரி ஆய்வின் நுகர்வுக் கணக்கோடு ஒப்பிடத்தக்கதாக நுகர்வு மதிப்பையும் திருத்திக் கணித்தனர். இத்திருத்தங்களைத் தம் தாளில் வெளிப்படையாக விளக்கவும் செய்தனர். அது பாராட்டத்தக்கது.

எனினும் எடை மாற்றத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஓர் ஊரில் நூறு வீடுகளில் இருபது காலனியில் இருப்பதாகக் கொள்வோம். மாதிரியில் காலனி வீடுகள் பத்து விழுக்காடே வந்தால், அவற்றின் எடையை இரட்டிப்பாக்கிக் கணக்கை நேர்செய்யலாம். ஆனால் மாதிரியில் வந்தவை காலனியிலும் சாலைக்கு அருகிலுள்ள, ஓரளவு நிலையான வேலையுள்ள வீடுகளாக இருந்தால், இரட்டிப்பாவது அவர்களின் நிலைமைதான். செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போய், வீட்டைப் பூட்டி வைத்திருப்போர் எந்த எடையாலும் கணக்குக்குள் வரமாட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. எடையைத் திருத்த உதவியவை அரசின் ஆய்வுகள். தனியார் ஆய்வின் மாதிரிச் சட்டகம் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 2021இல் நடந்திருக்க வேண்டிய அடுத்த கணக்கெடுப்பு தள்ளிப்போனதால் அச்சட்டகமும் பழையதாகிவிட்டது. அரசுத் தரவு பலவீனமானால் அதன் மேல் எழுப்பப்படும் அரசுசாராத் தரவும் பலவீனமாகும். ஒன்றுக்கு மற்றொன்று முழு மாற்று என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை.

எண் பயணப்படும் விதம்

உலக வங்கியின் 2022ஆம் ஆண்டு வறுமை அறிக்கை, பெருந்தொற்றின் முதல் ஆண்டான 2020இல் உலகின் கடும் ஏழைகள் சுமார் 7 கோடி கூடினர் என மதிப்பிட்டது. அதில் 5.6 கோடிப் பேர் இந்தியர். அந்த 5.6 கோடிக்கும் அடிப்படை, மேற்சொன்ன தனியார் ஆய்வே. ஊரடங்குக் காலத்தில் அது தொலைபேசி வழியே நடத்தப்பட்டது. பதிலளித்த வீடுகளின் விகிதமும் அப்போது வெகுவாகக் குறைந்தது. உலகக் கணக்கில் ஏற்பட்ட உயர்வில் பெரும்பகுதி, ஒரே நிறுவனத்தின் தொலைபேசி உரையாடல்களைச் சார்ந்திருந்தது.

அறிக்கையில் இது குறிப்பிடப்பட்டிருந்தது. ஆனால் செய்தித் தலைப்புகளிலும் பாடநூல்களிலும் போட்டித் தேர்வுக் குறிப்புகளிலும் அந்த எண் இடம்பெறும்போது அடிக்குறிப்பு உடன் வருவதில்லை. வாசகர் காண்பது "உலக வங்கி மதிப்பீடு" என்ற முத்திரையை மட்டுமே. தனியார் ஆய்வின் வீட்டுவாரித் தரவு பெரும்பாலும் கட்டணச் சந்தாவின் பேரில் கிடைப்பது. அதனால் ஐயம் கொள்ளும் ஒரு கல்லூரி மாணவர் அதைத் திறந்து சரிபார்ப்பது எளிதன்று. அர்ஜென்டினாவின் இணைய விலைகளுக்கும் இதற்கும் உள்ள முதன்மையான வேறுபாடு இது.

2022-23 அரசு ஆய்வு வந்தபின் கணக்கு மீண்டும் மாறியது. 2025இல் உலக வங்கி தந்த மதிப்பீட்டில், 2.15 டாலர் கோட்டின்படி கடும் வறுமை 2011-12இல் 16.2, 2022-23இல் 2.3 விழுக்காடு. அவ்வாண்டு சூனில் கோடு 3 டாலராக உயர்த்தப்பட்டபோது அவை முறையே 27.1, 5.3 ஆயின. 2011-12க்கு முன்பு சொல்லப்பட்ட 22.5 விழுக்காட்டை இவற்றோடு நேராக ஒப்பிட முடியாது. கோடும் வேறு, நுகர்வை நினைவுகூரக் கேட்கும் கால அளவும் வேறு. 2022-23 ஆய்விலும் வினாப்பட்டியலும் வீடுகளுக்குச் செல்லும் முறையும் மாற்றப்பட்டன. அரசு முத்திரை இருப்பதாலேயே எண் உறுதியானதாகிவிடாது என்பதையும் இது உணர்த்துகிறது. ஆனால் வீட்டுவாரித் தரவு பொதுவில் இருப்பதால், இம்மாற்றங்களின் விளைவை வெளியாட்களும் கணித்து வாதிட முடிகிறது.

தொழில் எளிமைத் தரவரிசை: பன்னாட்டு அமைப்பே மூலமானபோது

மூன்றாவது நிகழ்வில் தரவைத் திரட்டியதே உலக வங்கி. 2003 முதல் வெளிவந்த தொழில் புரிதல் அறிக்கை, வழக்கறிஞர்கள், கணக்காளர்கள் முதலியோர் நிரப்பிய வினாப்பட்டியல்களைப் பெரிதும் சார்ந்து நாடுகளைத் தரவரிசைப்படுத்தியது. பெரும்பாலான நாடுகளுக்கு ஒரே நகரம், இந்தியாவுக்கு மும்பையும் தில்லியும். 2015 பதிப்பில் 142ஆம் இடத்தில் இருந்த இந்தியா 2020 பதிப்பில் 63க்கு உயர்ந்தது. இரு நகரங்களின் நடைமுறையைக் கொண்டு சொல்லப்பட்ட அந்த எண், திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலுக்கும் சிவகாசி அச்சகத்துக்கும் பொருந்துவதைப் போலப் பேசப்பட்டது.

2018, 2020 பதிப்புகளில் சீனா, சவுதி அரேபியா உள்ளிட்ட நாடுகளின் தரவில் முறைகேடுகள் நடந்ததாகப் பின்னர் கண்டறியப்பட்டது. 2021 செப்டம்பர் 16 அன்று உலக வங்கி அறிக்கையை நிறுத்திக்கொண்டது. அரசின் தலையீட்டிலிருந்து விடுபட்ட தரவு என்று கருதப்பட்ட ஒன்றில், அரசுகளின் அழுத்தம் பன்னாட்டு அமைப்பின் வழியாகவே நுழைந்தது. அரசுசாராதது என்பதாலேயே ஒரு தரவு சார்பற்றதாகிவிடாது.

மதிப்பீடு

ஐ.நா. பொதுச் சபை 2017இல் வளங்குன்றா வளர்ச்சி இலக்குகளுக்கான குறிகாட்டிகளை ஏற்றபோது, நாட்டுப் புள்ளியியல் அமைப்புகளின் தரவே அடிப்படை என்றும், பிற மூலங்களைப் பயன்படுத்தினால் நாட்டு அமைப்புகள் அதைப் பரிசீலித்து ஒப்ப வேண்டும் என்றும் கூறியது. நேர்மையாக இயங்கும் அலுவலகம் உள்ள நாட்டில் இது நல்ல விதி. தன் நாட்டைப் பற்றிய தவறான எண்ணைத் திருத்தும் உரிமையை அது தருகிறது. ஆனால் 2010இன் அர்ஜென்டினாவுக்கு இதைப் பொருத்திப் பார்த்தால், இணைய விலைக் குறியீட்டுக்கு இண்டெக்கின் ஒப்புதல் தேவைப்பட்டிருக்கும். மாற்றுத் தரவு மிகவும் தேவைப்படும் இடத்தில்தான் ஒப்புதல் கிடைக்காது. எனவே ஒப்புதலை மட்டும் காவலாகக் கொள்வது போதாது.

மூன்று நிகழ்வுகளையும் சேர்த்துப் பார்க்கையில் வேறொரு அளவுகோல் தெளிவாகிறது. பன்னாட்டு அமைப்பு தன் முத்திரையின்கீழ் ஓர் எண்ணை வெளியிடும்போது, அரசுத் தரவிடம் எதிர்பார்ப்பதையே பிற தரவிடமும் எதிர்பார்க்க வேண்டும். மாதிரி எடுத்த முறையும் அதில் விடுபடுவோர் யார் என்பதும் வெளியிடப்பட வேண்டும். உலக எண்ணையே மாற்றும் அளவுக்கு ஒரு தனியார் தரவு பயன்படுத்தப்பட்டால், அடையாளங்கள் நீக்கப்பட்ட வீட்டுவாரித் தரவை ஆய்வாளர்கள் கட்டணமின்றிச் சரிபார்க்க வழி செய்வது அந்த அமைப்பின் கடமையாக வேண்டும். உலக வங்கிக்கு அந்தச் செலவு பெரிதன்று. மூலத்தின் தன்மை அடிக்குறிப்பில் அல்லாது எண்ணுக்கு அருகிலேயே இருக்க வேண்டும். மதிப்பீடு ஒன்றுக்கு மேற்பட்டு இருந்தால், ஒற்றை எண்ணுக்குப் பதில் அவற்றின் வீச்சைத் தருவதே நேர்மை.

இவையெல்லாம் செய்தாலும் ஒரு குறை எஞ்சும். 2017-18 ஆய்வு நிறுத்தி வைக்கப்பட்டபோது, அதற்காக ஊர் ஊராகச் சென்று திரட்டிய விடைகளும் முடக்கப்பட்டன. தரக்குறைவு என்பது உண்மையாக இருந்திருக்கலாம். அப்படியானால் குறையை விளக்கி, தரவையும் வெளியிட்டிருந்தால், அதை ஏற்பதா திருத்துவதா என்று ஆய்வாளர்கள் தீர்மானித்திருப்பர். தனியார் ஆய்வை எவ்வளவு நுட்பமாகத் திருத்தினாலும், அந்த விடைகளுக்கு அது ஈடாகாது. அரசுசாராத் தரவின் பெருக்கத்தைக் காட்டி, அரசு ஆய்வுகள் இனித் தேவையில்லை என்று வாதிடுவோர் உண்டு. அதன் விலையை முதலில் கொடுப்பவர்கள், முதன்மைத் தெருவிலிருந்து தொலைவில் வாழ்வோரே. உணவு மானியம், ஓய்வூதியம், வேலை உறுதித் திட்டம் ஆகியவற்றுக்கான ஒதுக்கீடு குறித்த வாதங்களில் எடுத்துவைக்கப்படும் எண்ணில் அவர்கள் இடம்பெற்றிருக்க மாட்டார்கள்.